உணர்வின் படிகளும் கிருபையின் வழியும்

திசையன்விளையைச் சூழ்ந்த தேரிக்காட்டுச் சபைகளில் ஊழியஞ்செய்யும் போதகர் எவரும் இக்காலத்தில் ஒரு கேள்விக்கு விடைசொல்ல ஆயத்தமாயிருக்க வேண்டும். திடப்படுத்தலுக்கு ஆயத்தஞ்செய்யும் வகுப்பின் முடிவில் படித்த வாலிபர் ஒருவர் தங்கியிருந்து கேட்கிறார்: “மதங்கள் வெளியே வேறுபட்டாலும் உள்ளே ஒன்றே என்று பெரிய ஞானிகள் எழுதியிருக்கிறார்கள். உணர்வு படிப்படியாக உயர்ந்து அந்த உண்மையைக் கண்டுகொண்டால் போதாதா, ஐயா? சபையும் திருவிருந்தும் கீழ்ப்படிகள்தாமே?” இப்படிக் கேட்கிறவர் ஏளனக்காரர் அல்லர். செபத்தில் ஆழங்காணாமல் தவிக்கிறவரே பெரும்பாலும் இதைக் கேட்கிறார். ஆகவே கடிந்துகொள்வதனாலோ, அஞ்ஞானம் என்று தள்ளிவிடுவதனாலோ நம் கடமை தீர்ந்துபோவதில்லை.

இக்கேள்வி நம் நாட்டுக்குப் புதியதும் அன்று. நூறு ஆண்டுகளுக்கு மேலாகவே அது திருநெல்வேலிச் சீமையின் வாசலில் நின்று தட்டியிருக்கிறது. நம் முன்னோர் சிலர் கதவைத் திறந்து அதனோடு பேசியும் இருக்கின்றனர். அவ்வரலாற்றை நினைவுகூர்ந்து, அதிலிருந்து இன்றைய போதகர் கற்கவேண்டியது யாது என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. மரபுவழி மறைஞானம் என்பது யாது?

“என்றுமுள தத்துவம்” என்னும் தொடர் மேனாட்டில் பழமையானது. 1540இல் அகோஸ்தீனோ ஸ்தேயூக்கோ என்னும் இத்தாலிய அறிஞர் அதைத் தம் நூலுக்குப் பெயராக இட்டார். பின்னர் லைப்னிட்ஸ் அதனை எடுத்தாண்டார். 1945இல் ஆல்டஸ் ஹக்ஸ்லி அதே பெயரில் எழுதிய நூல் அதைப் பொதுமக்களிடம் கொண்டுசென்றது. ஆயினும் அதை ஒரு கண்டிப்பான கொள்கையாக வகுத்தவர் பிரான்சு நாட்டினரான ரெனே கெனோன் (1886–1951) ஆவார். இந்து சமயக் கோட்பாடுகளைப் பற்றி 1921இல் தம் முதல் நூலை வெளியிட்ட அவர், சூஃபி நெறியைத் தழுவி, 1930 முதல் கெய்ரோ நகரில் வாழ்ந்து, அங்கேயே மரித்தார். 1925இல் வெளிவந்த நூலொன்றில், நனவு, கனவு, ஆழ்ந்த உறக்கம், இம்மூன்றையும் கடந்த நான்காம் நிலையாகிய துரியம் என்று மாண்டூக்கிய உபநிடதம் கூறும் நிலைகளை வேதாந்த முறையில் விரித்துரைத்தார்.

கெனோனும் அவரைச் சார்ந்தோரும் கூறுவனவற்றை நான்கு கூற்றுக்களாகச் சுருக்கலாம். முதலாவது, ஆதியில் அருளப்பட்ட மெய்ஞ்ஞானம் ஒன்றே. உலகின் பெருமதங்கள் அதன் பல வடிவங்கள். இரண்டாவது, ஒவ்வொரு மதத்துக்கும் திரளான மக்களுக்குரிய வெளிநெறியும் சிலருக்கேயுரிய உள்நெறியும் உண்டு. உள்நெறியிலேதான் மதங்கள் ஒன்றுபடுகின்றன. மூன்றாவது, மனிதன் ஒருநிலைப்பட்டவன் அல்லன். அவன் உணர்வு பல நிலைகளைக் கடந்து பரம்பொருளோடு தனக்குள்ள ஒருமையை அறிதலே விடுதலையாகும். நான்காவது, இவ்வேற்றத்துக்குத் தகுதியும் குருவின் தீட்சையும் இன்றியமையாதவை.

இங்கே ஒரு தவறான விளக்கத்தை நாம் விலக்கவேண்டும். இவர்கள் கூறும் நிலைகள் மனத்தின் மாறுபாடுகளோ, கிளர்ச்சியான அனுபவங்களோ அல்ல. அவை இருப்பின் படித்தரங்கள் என்பதே இவர்களது கருத்து. அற்புதங்களையும் ஆவிகளோடு பேசுதலையும் நாடுகிறவர்களைக் கெனோன் வன்மையாகக் கண்டித்தார். ஆதலால் இக்கொள்கையை மாயவித்தை என்று ஒதுக்குவது நியாயமன்று.

இவ்வணியில் நிற்கும் மற்றொருவர் தமிழர் மரபில் வந்தவர். ஆனந்த குமாரசுவாமி (1877–1947) கொழும்பில் பிறந்தவர். தந்தை சர் முத்துக் குமாரசுவாமி, தாய் ஓர் ஆங்கில மாது. இரண்டு வயதில் தந்தையை இழந்து இங்கிலாந்தில் வளர்ந்த அவர், நிலவியல் கற்று, பின்பு கீழைக் கலைகளின் பேரறிஞராகி, 1917 முதல் அமெரிக்காவிலுள்ள பாஸ்டன் அருங்காட்சியகத்தில் பணியாற்றினார். 1930களில் கெனோனின் சிந்தனையோடு நெருங்கி, உபநிடதங்களையும் பிளேட்டோவையும் மத்தியகால ஜெர்மானிய ஞானியாகிய எக்கார்ட்டையும் அருகருகே வைத்து எழுதினார். மூன்றாமவர் சுவிட்சர்லாந்தில் பிறந்த பிரித்யோஃப் ஷுவோன் (1907–1998). மதங்களின் கடந்தநிலை ஒற்றுமையைப் பற்றி அவர் 1948இல் வெளியிட்ட நூல் இக்கொள்கையின் அடிப்படை நூல்களுள் ஒன்றாக எண்ணப்படுகிறது.

கிறிஸ்தவத்தைக் குறித்து இவர்களுக்குள்ளேயே உடன்பாடு இருக்கவில்லை. ஆதித் திருச்சபை உள்நெறிக் குழுவாயிருந்து பின்னர் வெளிமதமாக மாறிற்று என்பது கெனோனின் துணிபு. ஞானஸ்நானமும் திருவிருந்தும் தம் உள்நெறித் தன்மையை இழக்கவில்லை என்று ஷுவோன் மறுத்தார். சீர்திருத்தச் சபைகளைப்பற்றிக் கெனோன் கொண்டிருந்த கருத்தோ மிகக் கடுமையானது. வேதத்துக்குப் பொருள்கொள்ளும் உரிமையை எவரும் எடுத்துக்கொள்ள விட்டதனால், அது தனிமனித அகந்தையின் வெளிப்பாடு என்று அவர் 1927இல் எழுதினார். இக்குற்றச்சாட்டை நினைவில் நிறுத்துவோம். திருநெல்வேலி வரலாறு இதற்கு விடை சொல்லும்.

2. தமிழ் மரபின் மறுமொழி

உணர்வுநிலைகளைப்பற்றி மேனாட்டார் எழுதுமுன்னரே தமிழ்ச் சைவர் நுணுகி ஆராய்ந்துள்ளனர். பத்தாந் திருமுறையாகிய திருமந்திரத்தில் நனவு, கனவு, உறக்கம், துரியம், துரியாதீதம் என்னும் ஐந்து அவத்தைகள் விரிவாகப் பேசப்படுகின்றன. சித்தாந்த சாத்திரங்கள் இவற்றை மேலும் பாகுபடுத்தி, உயிர் மலத்தில் அழுந்துங்காலும் அருளால் உயருங்காலும் எந்தெந்தக் கருவிகளோடு கூடியும் பிரிந்தும் நிற்கிறது என்று விளக்குகின்றன. சரியை, கிரியை, யோகம், ஞானம் என்னும் நாற்படிகளும் யாவரும் அறிந்தவையே.

ஆனால் இறையியல் மாணவர் கூர்ந்து நோக்கவேண்டிய செய்தி ஒன்றுண்டு. படிகளை ஏற்றுக்கொண்ட சைவ சித்தாந்தம், உயிரும் இறைவனும் ஒரே பொருள் என்னும் முடிவை ஏற்றுக்கொள்ளவில்லை. மெய்கண்டார் வழிவந்தோர் அத்துவிதம் என்ற சொல்லுக்கே, பொருளால் ஒன்றாகாமலும் பிரிந்து இரண்டாகாமலும் கலந்து நிற்றல் என்று பொருள் கொண்டனர். துரியாதீதத்திலும் உயிர் உயிரே, ஆட்கொண்டவன் ஆண்டவனே, அடியான் அடியானே. மேலும், உயர்வு உயிரின் முயற்சியால் மட்டும் வருவதன்று. சத்திநிபாதம் எனப்படும் அருளின் வீழ்ச்சி வேண்டும் என்றும் அவர்கள் கற்பித்தனர்.

ஆகவே “உள்ளே எல்லாம் ஒன்றே” என்னும் கூற்றைக் கிறிஸ்தவர் மட்டும் மறுக்கவில்லை. நம் அயலாராகிய சைவப் பெரியோரும் அதை மறுப்பர். அவர்களுடைய உள்நெறியும் அத்வைத வேதாந்தமும் ஒரே இடத்தில் முடியவில்லை. மதங்களின் உட்பொருளைக் கேட்காமலே அவை ஒன்று என்று தீர்ப்பது அவற்றுக்குச் செய்யும் மரியாதை ஆகாது. திருநெல்வேலிச் சீமையிலே சாயர்புரத்தில் ஊழியஞ்செய்த ஜி. யு. போப் ஐயர், பின்னாளில் 1900இல் திருவாசகத்தை ஆங்கிலத்தில் வெளியிட்டபோது, சித்தாந்தத்தைப் பொறுமையோடு கற்று அதன் தனித்தன்மையை எடுத்துக்காட்டினார். அதுவே நாம் பின்பற்றத்தக்க முறையாகும்.

3. வாசலில் கேட்ட குரல்கள்

எல்லா மதங்களுக்கும் மூலம் ஒன்றே என்னும் குரல் இச்சீமையில் பகிரங்கமாகக் கேட்ட காலம் 1881. அவ்வாண்டு அக்டோபர் மாதத்தில், பிரம்மஞான சபையின் தலைவரான கர்னல் ஆல்காட் இலங்கைப் பௌத்தர் சிலருடன் திருநெல்வேலிக்கு வந்து, கோவில் வளாகத்திலே நட்பின் அடையாளமாகத் தென்னங்கன்று ஒன்றை நட்டார். இந்துக்களும் பௌத்தர்களும் கைகோத்த அந்நிகழ்ச்சி மிஷனெரிமாருக்கு ஓர் அறைகூவலாகவே தோன்றிற்று. ஆனால் பிரம்மஞான சபையும் மரபுவழி மறைஞானமும் ஒன்றல்ல. அச்சபையின் போதனையைப் போலி மதம் என்று கண்டித்துக் கெனோன் 1921இல் ஒரு நூலே எழுதினார். இரண்டுக்கும் பொதுவானது மறைவான ஒருமை என்னும் கருத்து மட்டுமே.

இரண்டாவது குரல் இலங்கைத் தமிழரிடமிருந்து எழுந்தது. அது நம் வேதத்தைக் கையில் ஏந்திவந்ததனால் இன்னும் கவனிக்கத்தக்கது. ஆனந்த குமாரசுவாமிக்கு அத்தை மகனாகிய சர் பொன்னம்பலம் இராமநாதன் (1851–1930), ஸ்ரீ பரானந்தர் என்னும் பெயரில் 1898இல் மத்தேயு சுவிசேஷத்துக்கும் 1902இல் யோவான் சுவிசேஷத்துக்கும் ஆங்கிலத்தில் உரை வெளியிட்டார். சைவ ஞானமரபில் பயின்ற ஒருவர் தம் ஆன்மானுபவத்தின் வெளிச்சத்தில் சுவிசேஷங்களை வாசித்த முயற்சி அது. இயேசுவை அவர் இகழவில்லை. மெய்ஞ்ஞானியரின் வரிசையில் பணிவோடு போற்றினார். அவர் கருத்தில் கிறிஸ்தவர் தங்கள் வேதத்தின் உட்பொருளை மறந்துவிட்டனர். அதைக் கீழ்த்திசை ஞானமே திறந்துகாட்டவல்லது.

இத்தகைய வாசிப்பு எங்கே முடியும் என்பதை யோவான் 10:30 காட்டுகிறது. பிதாவோடு தாம் ஒன்றாயிருப்பதைப்பற்றி இயேசு கூறிய அவ்வசனத்தை, ஆன்மா தன் உச்சநிலையில் கண்டறியும் ஒருமையின் அறிக்கையாக ஞானமார்க்கத்தார் கொள்வர். அப்படியானால் கிறிஸ்து நமக்கு முன்னே ஏறிச்சென்றவர். நமக்காக இறங்கிவந்தவர் அல்லர். மனுவுருவேற்பு ஓர் உவமையாகவும், சிலுவை ஓர் அடையாளமாகவும் மாறிவிடுகின்றன. நம் வாலிபரின் கேள்விக்குள் மறைந்திருக்கும் ஆபத்து இதுவே.

4. கதவைத் திறந்தவர்கள்

இக்கேள்விக்கு விடையளிக்க முயன்றவர்களுள் பாளையங்கோட்டையைச் சேர்ந்த தந்தையும் மகனும் சிறப்பிடம் பெறுவர். திவான் பகதூர் ஏ. எஸ். அப்பாசாமி பிள்ளை சைவக் குடும்பத்தில் பிறந்து கிறிஸ்துவைப் பற்றிக்கொண்டவர். தம் ஐம்பது ஆண்டு விசுவாச யாத்திரையின் வரலாற்றை 1924இல் ஆங்கிலத்தில் நூலாக வெளியிட்டார். முதுமையில் அவர் யோகப் பயிற்சியை மீண்டும் நாடினார். மனத்தை ஒருமுகப்படுத்தும் அம்முறையைச் செபத்துக்குத் துணையாகக் கொண்டு, தாம் கண்டதைப் பிறருக்கும் எழுதிவைத்தார். தாம் விட்டுவந்த வீட்டிலிருந்து ஒரு விளக்கை எடுத்துவந்து கிறிஸ்துவின் சந்நிதியில் ஏற்றினார் எனலாம். உணர்வு உயரும் படிகளை அவர் மறுக்கவில்லை. ஆனால் படிகளின் முடிவில் அவர் தேடியது தாமே பிரமம் என்னும் அறிவன்று, தம் ஆண்டவருடைய முகமே.

அவர் மகன் ஏ. ஜே. அப்பாசாமி (1891–1975) இந்த அனுபவத்துக்கு இறையியல் வடிவம் கொடுத்தார். ஆக்ஸ்போர்டில் யோவான் சுவிசேஷத்தையும் இந்து பக்தி இலக்கியத்தையும் ஒப்பிட்டு ஆய்வு செய்த அவர், 1927இல் கிறிஸ்தவத்தைப் பக்தி மார்க்கமாக விளக்கும் நூலையும், 1931இல் மோட்சம் யாது என்னும் நூலையும் எழுதினார். 1950இல் கோயம்புத்தூர்ப் பேராயரானார். யோவான் 10:30 குறித்து அவர் கொண்ட முடிவு தெளிவானது: பிதாவுக்கும் குமாரனுக்கும் உள்ள ஒருமை அன்பிலும் சித்தத்திலும் கீழ்ப்படிதலிலும் விளங்கும் ஒருமை, பக்தனுக்கும் கடவுளுக்கும் உள்ள உறவும் அவ்வழியதே, ஒருவர் மற்றவரில் கரைந்துபோவது அன்று. இவ்விளக்கம் குமாரனுடைய தெய்வீகத்தைப் போதியவாறு காக்கிறதா என்று வினவுவோர் உண்டு. அவ்வினா நியாயமானதே. எனினும் ஏணியின் உச்சியில் ஒரு கருத்தை அல்ல, நேசிக்கும் ஒருவரைக் காண்கிறோம் என்று அவர் உறுதியாகச் சொன்னது திருச்சபைக்குப் பெருங்கொடையாகும்.

1918இல் தென்னிந்தியாவுக்கு வந்து திருநெல்வேலியிலும் பேசிய சாது சுந்தர் சிங்கின் சாட்சியும் இங்கே சேர்க்கத்தக்கது. பரவச நிலைகள் அவருக்குப் பழக்கமானவை. அவரை நெருங்கி விசாரித்து அப்பாசாமியும் ஸ்ட்ரீட்டரும் 1921இல் வெளியிட்ட நூலில் இவை விவரிக்கப்பட்டுள்ளன. ஆயினும் சாது தாமாக அந்நிலையை அடைய முயன்றதில்லை; முயலுமாறு பிறருக்குப் போதித்ததுமில்லை. அது கொடுக்கப்பட்டால் பெற்றுக்கொள்ளவேண்டிய ஈவு. தேடிச் சம்பாதிக்கவேண்டிய பொருளன்று என்பதே அவர் துணிபு. படிகளைப் பற்றிப் பேசும் எவரும் இந்த வேறுபாட்டை மறத்தலாகாது.

5. ஏணியில் ஏறத்தக்கவர் யார்?

இப்பொழுது நாம் நான்காம் கூற்றுக்கு வருகிறோம். உள்நெறி தகுதியுடைய சிலருக்கே உரியது என்னும் கொள்கை தத்துவ அளவில் நில்லாமல் சமுதாயத்தைப் பற்றிய போதனையாகவும் மாறியது. கெனோன் சாதி முறையை மனிதரின் உள்ளியல்புக்கேற்ற ஒழுங்காகக் கண்டார். குமாரசுவாமி இந்தியச் சமுதாய அமைப்புக்குச் சமய அடிப்படை காட்டி 1946இல் எழுதினார். ஷுவோன் 1957இல் சாதிகளையும் இனங்களையும் பற்றி ஒரு நூலே வெளியிட்டார். ஏழைப் பிள்ளைகளுக்கும் பயன்படும் கல்விச்சாலைகளை யாழ்ப்பாணத்தில் நிறுவிய இராமநாதன்கூட, டொனமூர் ஆணைக்குழு 1928இல் பரிந்துரைத்த சர்வசன வாக்குரிமையை எதிர்த்தார். இவர்களைப் பழிப்பதற்காக இதை எழுதவில்லை. உணர்வின் படித்தரம் மக்களின் படித்தரமாக மாறுவது எவ்வளவு எளிது என்பதைக் காட்டவே இதைக் குறிப்பிடுகிறோம்.

திருச்சபை இச்சோதனையை இரண்டாம் நூற்றாண்டிலேயே சந்தித்தது. வலெண்டினுவின் சீடர்கள் மனிதரை ஆவிக்குரியோர், ஆன்மத்துக்குரியோர், மண்ணுக்குரியோர் என்று மூவகையாகப் பிரித்தனர். சுமார் 180இல் ஐரேனேயு இதை மறுத்து எழுதினார். அப்போஸ்தலர் சிலருக்குமட்டும் இரகசியமாய்ப் போதித்த ஞானம் ஒன்றில்லை. சபைகள்தோறும் வெளியரங்கமாய் அறிவிக்கப்படுவதே மெய்ஞ்ஞானம் என்பது அவர் வாதம்.

தென் திருநெல்வேலிக்கு இது புத்தகக் கேள்வியன்று. 1799இல் முதலூர் என்னும் கிறிஸ்தவக் குடியேற்றம் உருவானபோது அதில் சேர்ந்தவர்கள் யார்? கோவிலுக்குள் நுழையவும் சில தெருக்களில் நடக்கவும் தடைசெய்யப்பட்ட மக்கள். அத்தடை எவ்வளவு ஆழமானதென்றால், கமுதிக் கோவில் வழக்கில் 1908இல் இலண்டன் பிரிவி கவுன்சிலும் நாடார்களுக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. தகுதியில்லாதவர் என்று வெளிப்பிராகாரத்துக்கும் அப்பால் நிறுத்தப்பட்டவர்களின் கையில் வேதபுத்தகம் கொடுக்கப்பட்டது. பனையேறியின் மகள் எழுத்துக்கூட்டி மலைப்பிரசங்கத்தை வாசித்தாள். வேதத்தை எவரும் வாசிக்கலாம் என்பது அகந்தை என்று கெனோன் சொன்னாரன்றோ? அதற்கு நம் சீமை தரும் விடை இதுதான்: அது அகந்தையன்று, நூற்றாண்டுகளாக மூடியிருந்த வாசல் திறந்த ஓசை.

ஆனால் நாமும் நம்மை நியாயந்தீர்த்துக்கொள்ள வேண்டும். திசையன்விளைக்கு அருகேயுள்ள இடையன்குடியில் 1841 முதல் உழைத்த கால்டுவெல் ஐயர், 1849இல் சாணார் சமூகத்தைப்பற்றி எழுதிய நூலில், தாம் நேசித்து ஊழியஞ்செய்த மக்களையே அறிவிலும் உணர்விலும் தாழ்ந்த படியில் வைத்து எழுதினார். அச்சமூகத்தார் பின்னர் அந்நூலை வன்மையாக எதிர்த்தனர். மனிதரைப் படிவரிசையில் நிறுத்தும் பழக்கம் மறைஞானிகளுக்கு மட்டும் உரியதன்று. நற்செய்தியைக் கொண்டுவந்தவரின் பேனாவிலும் அது இருந்தது. அம்மக்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கல்வியிலும் இறையியலிலும் எய்திய உயர்வு அக்கணிப்பு தவறு என்று காட்டிவிட்டது. இன்றும் நம் சபைகளில் திருமணப் பேச்சிலும் சபைத் தேர்தலிலும் சாதி முந்திக்கொண்டு வருகிறது. அப்படியிருக்க, கெனோனை மட்டும் குற்றஞ்சாட்டுவது நமக்குத் தகாது.

6. இறங்குகிற கிருபை

அப்படியானால் உணர்வின் படிகளைத் தள்ளிவிடுவோமா? கூடாது. திருச்சபையின் செப மரபிலும் படிகள் உண்டு. சுத்திகரிப்பு, ஒளிபெறுதல், ஐக்கியம் என்னும் மூவழியைப் பண்டைய ஆசிரியர் கற்பித்தனர். 1577இல் அவிலாவின் தெரேசா ஆத்துமாவை ஏழு வாசஸ்தலங்களுடைய அரண்மனையாக வருணித்தார். சீர்திருத்தச் சபையாருக்கு பனியன் 1678இல் மோட்சப் பிரயாணத்தைத் தந்தார். திருநெல்வேலிக் கவிஞர் எச். ஏ. கிருஷ்ண பிள்ளை அதனைத் தழுவி 1894இல் இரட்சணிய யாத்திரிகத்தைப் பாடினார். அதிலும் நிலைகள் உண்டு. ஆனால் அது சிலர் ஏறும் ஏணியன்று. சுமையோடு வருகிற எவரும் நடக்கத்தக்க பாதை. பாதையின் நடுவே சிலுவை நிற்கிறது.

நம் வாலிபர் உள்நெறியைத் தேடி வெளியே செல்லுவதற்கு நாமும் ஒரு காரணம். அறிவிப்புகளாலும் கூட்டங்களாலும் ஆராதனையை நிரப்பிவிட்டு, மௌனத்துக்கு ஐந்து நிமிடமும் இடங்கொடாத சபையில் ஆழம் எங்கே கிடைக்கும்? அப்பாசாமி பிள்ளை தம் முதுமையில் உணர்ந்த தாகத்தை நம் போதகர்கள் தங்கள் இளமையிலேயே உணரவேண்டும். இறையியற் கல்லூரிகளில் செபிக்கும் முறையும் ஒரு பாடமாகக் கற்பிக்கப்படல் நலம்.

அதேவேளையில் அளவுகோல் ஒன்றை நாம் கைவிடலாகாது. மறுரூப மலையில் சீடர் மகிமையைக் கண்டனர். ஆனால் இயேசு அவர்களை அங்கே கூடாரம் போட விடவில்லை. மலையடியில் வேதனைப்படும் பிள்ளையோடு ஒரு தகப்பன் காத்திருந்தான் (மத்தேயு 17:1-18). பவுல் மூன்றாம் வானம்வரை எடுக்கப்பட்டதை ஒரு தகுதியாகப் பேசவில்லை. தம் பலவீனத்தையும் போதுமான கிருபையையுமே பேசினார் (2 கொரிந்தியர் 12:1-10). அனுபவம் எவ்வளவு உயர்ந்தது என்பதன்று கேள்வி. அதிலிருந்து யாருக்காக இறங்கிவருகிறோம் என்பதே கேள்வி. தேவகுமாரனின் வழியும் அதுவே (பிலிப்பியர் 2:5-8).

தேரிக்காட்டு மக்களுக்கு இதை விளக்கப் பெரிய நூல்கள் வேண்டியதில்லை. பனையேறுகிறவர் விடியுமுன் தளைநாரைப் பூட்டிக்கொண்டு ஏறுகிறார். உச்சியில் நின்று கடலையும் தேரியையும் பார்க்கிறவருக்கு அந்தக் காட்சி இனியதே. ஆனால் அவர் காட்சிக்காக ஏறவில்லை. பாளையைச் சீவிப் பதனீரோடு இறங்கிவருவதற்காகவே ஏறுகிறார். கீழே வீட்டார் பசியோடு காத்திருக்கின்றனர். அவர் இறங்காவிடில் அடுப்பு எரியாது, கருப்பட்டி காயாது.

நம்மிடம் கேள்வி கேட்ட வாலிபருக்கும் இதையே சொல்லலாம்: “தம்பி, ஏறு, தடையில்லை. ஆழமாகச் செபி, மௌனத்தைக் கற்றுக்கொள், அயலாரின் ஞானநூல்களையும் மரியாதையோடு வாசி. ஆனால் உன்னைத் தேடி ஒருவர் முன்னமே இறங்கிவந்திருக்கிறார் என்பதை மறவாதே. ஞாயிறுதோறும் திருவிருந்துப் பந்தியில் உன்னருகே முழங்காற்படியிடுகிறவர் எழுத்தறியாத மூதாட்டியாக இருக்கலாம். உனக்குக் கிடைக்கும் அப்பமே அவருக்கும் கிடைக்கிறது. அதைக் கீழ்ப்படி என்று நினையாதே.” இவ்வார்த்தையை உண்மையோடு சொல்லத்தக்கவர்களாக நம்முடைய சபைகளும் பந்தியைச் சாதியின்றி விரிக்கும் காலம் வருவதாக.